‘ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா?’ – கேட்கும் பழக்கம் மறைந்த வரலாறு

பத்துமலை முருகன் ஆலயத்தின் 272 படிகளில் பாதி ஏறி, ஓரமாக நின்று, சற்று நேரம் கூட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். மேலே ஏறிக்கொண்டிருக்கும் ஒருவர் திடீரென நிற்கிறார். திரும்பி, கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்துப் புன்னகைக்கிறார். அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு வந்த தாய் அப்படியே நிற்கிறார். தாய்க்குப் பின்னால், முழங்கால் வலியோடு கைப்பிடியைப் பற்றி ஏறி வந்த முதியவரும் நிற்கிறார். முதல் படம் சரியாக வரவில்லை போலும். இரண்டாவது எடுக்கப்படுகிறது. பிறகு மூன்றாவது. படிகளோ செங்குத்தானவை, நடுவில் நிற்பது வயதானவர்களுக்கு எளிதன்று. ஆனாலும் அந்த முதியவர் ஒன்றும் சொல்வதில்லை. படம் எடுப்பவருக்கும் பின்னால் ஒருவர் காத்திருப்பது தெரிவதில்லை. அவர் கண் திரையில் இருக்கிறது.

“இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியவில்லை” என்று நம் பெரியவர்கள் அலுத்துக்கொள்வது வழக்கம். உண்மையில் இந்தப் புகார் கைத்தொலைபேசியைவிட மிகப் பழமையானது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்கப் பெரியவர்கள் ஏறத்தாழ இதே சொற்களில் அலுத்துக்கொண்டார்கள். அப்படியானால் மாறியது என்ன? புகைப்படக் கருவி சிறிதாகச் சிறிதாக, படம் எடுப்பவர் இன்னொருவரிடம் வாய் திறந்து கேட்க வேண்டிய தேவை ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தது. கேட்பது நின்ற இடங்களில்தான் தடைப் பலகைகள் முளைத்தன. அந்தக் கதை பாரிஸ் நகரின் ஒரு மாடி சன்னலில் தொடங்குகிறது.

காலியாகத் தெரிந்த சாலை

1838ஆம் ஆண்டு. லூயி டாகேர் என்ற பிரெஞ்சுக்காரர் தம் சன்னலிலிருந்து ‘புல்வார் து தாம்பிள்’ என்ற சாலையைப் படம் பிடித்தார். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவத்தைப் பதியவைக்கும் முறை அது. பட்டப்பகல். குதிரை வண்டிகளும் நடையர்களும் நெருக்கியடிக்கும் சாலை. ஆனால் படத்தில் சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது! ஒளி தகட்டில் பதியப் பல நிமிடங்கள் பிடித்ததால், நகர்ந்துகொண்டிருந்த யாரும் பதியவே இல்லை. ஒரே ஒரு மனிதர் மட்டும் மூலையில் தெரிகிறார். அவர் காலணிக்கு மெருகேற்றிக்கொள்வதற்காக ஒரு காலைத் தூக்கி வைத்து, அசையாமல் நின்றிருந்தார். மெருகேற்றுபவரின் உருவமும் மங்கலாகத் தெரிகிறது. புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர்கள் இவர்களே என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

இன்று சுற்றுலாத் தலங்களில் எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான்: கூட்டமே இல்லாத ஒரு படம். அதை அன்றைய கருவி கேட்காமலே கொடுத்தது.

இந்தப் புதுமை நம் வட்டாரத்திற்கு வந்து சேர அதிகக் காலம் ஆகவில்லை. மலாய் இலக்கியத்தின் முன்னோடிகளில் ஒருவரான முன்ஷி அப்துல்லா, தாம் பார்த்த வெள்ளித் தகட்டுப் படத்தைப் பற்றித் தம் ‘ஹிக்காயாட் அப்துல்லா’வில் வியந்து எழுதியிருக்கிறார். 1849இல் அச்சேறிய நூல் அது. அவருடைய முன்னோர்களில் யேமன் நாட்டு அரபியரும் நாகூர்த் தமிழரும் உண்டு என்பது நம் வாசகர்களுக்குக் கூடுதல் செய்தி. 1844இல் ஜூல் இத்தியே என்ற பிரெஞ்சுச் சுங்க அதிகாரி சிங்கப்பூரில் குன்றின் மேலிருந்து ஊரைப் படம் பிடித்தார். இன்று ஃபோர்ட் கேனிங் எனப்படும் குன்று அது. சிங்கப்பூரைக் காட்டும் படங்களில் இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழையவற்றுள் அவர் எடுத்ததும் ஒன்று.

அந்தக் காலத்தில் ஒருவரை அவருக்குத் தெரியாமல் படம் எடுக்க முடியாது. அவர் உட்கார வேண்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். தலை ஆடாமலிருக்கப் பின்னால் ஓர் இரும்புத் தாங்கியை வைத்துக் கழுத்தைப் பிடித்து நிறுத்துவார்கள். பழைய குடும்பப் படங்களில் தாத்தாவும் பாட்டியும் ஏன் அப்படி விறைத்துப்போய் இருக்கிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, கருவியின் குறையே மரியாதைக்குக் காவலாக இருந்தது.

இங்கே ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. கேட்டுத்தான் எடுத்தார்கள் என்றால், எல்லாரிடமும் ஒரே மாதிரிக் கேட்டார்கள் என்று பொருள் அன்று. 1867இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட ஜி. ஆர். லம்பர்ட் படக்கூடம், கப்பலில் வந்திறங்கும் வெள்ளைக்காரப் பயணிகளுக்கு இவ்வட்டாரத்தின் படத் தொகுப்புகளை விற்றது. அந்தக் காலத்துத் தொகுப்புகளில் துறைமுகமும் ரப்பர் மரமும் போலவே மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று மனிதர்களும் ‘வகை’களாக இடம்பெற்றார்கள். கீழே இனத்தின் பெயர் இருக்கும். ஆளின் பெயர் இருக்காது. துரை நிற்கச் சொன்னால் கூலியாள் நின்றிருப்பார். அதைச் சம்மதம் என்று சொல்ல மனம் வரவில்லை. சுற்றுப்பயணி ஒருவர் உள்ளூர்க்காரரை வேடிக்கைப் பொருளாகப் பார்க்கும் வழக்கத்திற்கு அவ்வளவு நீண்ட வேர் இருக்கிறது.

பொத்தானை அழுத்தினால் போதும்

1888இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் ஈஸ்ட்மன், கோடாக் என்ற கைக்கு அடக்கமான பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். விலை 25 டாலர். அதற்குள் 100 படங்களுக்கான சுருள் இருந்தது. சுருள் தீர்ந்ததும் பெட்டியோடு தொழிற்சாலைக்கு அனுப்பிவிடலாம். 10 டாலர் கட்டணத்தில் படங்களைக் கழுவி, புதுச் சுருள் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். வாங்கியவருக்கு வேதியியல் தெரிய வேண்டாம், முக்காலி வேண்டாம், இருட்டறை வேண்டாம். பொத்தானை அழுத்தத் தெரிந்தால் போதும் என்பதுதான் நிறுவனத்தின் விளம்பரமே.

அதோடு கழுத்துத் தாங்கியின் காலம் முடிந்தது. கடற்கரையில் குளிப்பவர், பூங்காவில் பேசிக்கொண்டிருக்கும் காதலர்கள், தெருவில் வழுக்கி விழுந்தவர் என யாரையும் எடுக்கலாம், கேட்கத் தேவையில்லை. அன்றைய செய்தித்தாள்கள் இப்படி எடுத்துத் திரிந்தவர்களைக் ‘கோடாக் பிசாசுகள்’ என்று பெயர் வைத்துத் திட்டித் தீர்த்தன. இன்று ‘செல்ஃபி பைத்தியம்’ என்று சொல்லும்போது நாம் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

திட்டியதோடு விட்டுவிடாமல் இருவர் பேனாவை எடுத்தார்கள். பாஸ்டன் நகர வழக்கறிஞர்கள் சாமுவேல் வாரனும் லூயி பிராண்டைசும் 1890 டிசம்பரில் ஹார்வர்ட் சட்ட இதழில் ‘தனிமைக்கான உரிமை’ பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். நொடியில் எடுக்கப்படும் புகைப்படங்களும் செய்தித்தாள்களும் மக்களின் சொந்த வாழ்க்கைக்குள் நுழைந்துவிட்டன என்பது அவர்கள் எழுப்பிய கவலைகளுள் ஒன்று. பிராண்டைஸ் பின்னர் 1916இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார். தனிமனித அந்தரங்கம் பற்றிப் பேசும் சட்ட அறிஞர்கள் இன்றும் முதலில் குறிப்பிடுவது இந்தக் கட்டுரையைத்தான். அந்த உரிமைக்கு முதற்குரல் எழுந்ததில் ஒரு சின்னப் பெட்டிக்கும் பங்கு உண்டு.

ஆனால் நீதிமன்றங்கள் உடனே அசைந்துவிடவில்லை. நியூயார்க் மாநிலத்தில் ஓர் இளம்பெண்ணின் படத்தை, அவரைக் கேட்காமலே, மாவு நிறுவனம் ஒன்றின் விளம்பரத்தில் போட்டார்கள். ஏறத்தாழ 25,000 தாள்கள் அச்சடித்துக் கடைகளிலும் பொது இடங்களிலும் மாட்டினார்கள். தன் முகத்தை ஊரெங்கும் பார்த்த அந்தப் பெண் மனமுடைந்து படுக்கையில் விழுந்தார் என்று வழக்கில் கூறப்பட்டது. 1902இல் மாநிலத்தின் மேல் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அப்படி ஓர் உரிமை சட்டத்தில் இல்லை என்றார்கள் நீதிபதிகள். மக்கள் கொதித்தெழுந்தார்கள். மறு ஆண்டே, ஒருவருடைய படத்தை எழுத்துப்பூர்வமான சம்மதமின்றி வணிகத்திற்குப் பயன்படுத்தக் கூடாது என்று அம்மாநிலம் சட்டம் இயற்றியது. படத்தை எடுப்பது ஒன்று, எடுத்ததை வைத்து என்ன செய்கிறோம் என்பது வேறொன்று. சமூக ஊடகக் காலத்திற்கு அன்றே எழுதி வைத்த பாடம் போலிருக்கிறது.

இதற்கிடையே 1900இல் கோடாக் நிறுவனம் ஒரே ஒரு டாலர் விலையில் ‘பிரவுனி’ பெட்டியை வெளியிட்டது. சிறுவர்களும் படம் எடுக்கத் தொடங்கினார்கள். 1920களில் அதே நிறுவனம் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ‘இதோ நல்ல காட்சி வருகிறது’ என்று அறிவிக்கும் பலகைகளை நட்டது. வண்டி ஓட்டுபவர்கள் அங்கே நிறுத்தி, அதே இடத்திலிருந்து, அதே காட்சியை எடுத்தார்கள். ஒரு தலத்தில் எல்லாரும் ஒரே புள்ளியில் போய் நெருக்கியடிப்பது இயல்பாக வந்த பழக்கமாகத் தோன்றலாம். அதை வளர்த்துவிட்டதில் வியாபாரத்திற்கும் கை உண்டு.

எனினும் சுருள் இருந்தவரை ஓர் எல்லையும் இருந்தது. 1925இல் வந்த லைக்கா போன்ற சிறு கருவிகளில் ஒரு சுருளுக்கு 36 படங்கள். பினாங்குக்கோ கேமரன் மலைக்கோ குடும்பத்தோடு போனவர்களுக்கு நினைவிருக்கும். அப்பா எண்ணி எண்ணி எடுப்பார். “நேரா நில்லுங்க, ஒன்னுதான் எடுப்பேன்” என்பார். கழுவும் செலவு வேறு. ஒரு முறை நின்று, ஒரு முறை எடுத்து, நகர்ந்துவிடுவார்கள். பின்னால் நிற்பவருக்கு இடம் கிடைத்தது. அது நாகரிகத்தால் வந்ததா, சிக்கனத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

தேவாலயக் கூரையின் விலை

தடைப் பலகைகள் மரியாதைக்காகவே வைக்கப்பட்டவை என்று நினைத்தால் அதுவும் தவறு. வத்திக்கன் நகரில் உள்ள சிஸ்டைன் சிற்றாலயத்தை எடுத்துக்கொள்வோம். மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை சாரத்தின் மேல் நின்று தீட்டிய கூரை ஓவியங்கள் அங்கே உள்ளன. உள்ளே நுழைந்ததும் காவலர்கள் “படம் எடுக்கக் கூடாது” என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். பிளாஷ் வெளிச்சம் ஓவியத்தைக் கெடுத்துவிடும் என்பதால்தான் இந்தத் தடை என்று வழிகாட்டிகளும் பயணிகளும் பேசிக்கொள்வார்கள்.

தடையின் தொடக்கம் வேறு. 1980இல் அந்த ஓவியங்களைப் புதுப்பிக்கும் பணிக்குப் பெருந்தொகை தேவைப்பட்டது. ஜப்பானின் நிப்பான் தொலைக்காட்சி நிறுவனம் முதலில் 30 இலட்சம் டாலர் கொடுக்க முன்வந்தது. அது பின்னர் 42 இலட்சம் டாலராக உயர்ந்தது. கைம்மாறாக, புதுப்பிக்கப்பட்ட ஓவியங்களைப் படம்பிடிக்கும் தனி உரிமை அந்நிறுவனத்திற்குக் கொடுக்கப்பட்டது. பணியின் ஒவ்வொரு கட்டமும் முடிந்து மூன்று ஆண்டுகள் வரை அந்த உரிமை நீடித்தது. ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியம் 1994இல் திறந்து வைக்கப்பட்டது. ஆக, 1997 வாக்கில் ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது. தடை மட்டும் முடியவில்லை.

ஏன்? அதற்குள் கூட்டம் பெருகிவிட்டிருந்தது. 2019இல் வத்திக்கன் அருங்காட்சியகங்களுக்கு வந்தவர்கள் 60 இலட்சத்திற்கும் அதிகம். அத்தனை பேரும் அந்த ஒற்றை மண்டபத்தில் நின்று கையைத் தூக்கினால் என்னவாகும்? அதுவோ இன்றும் வழிபாடு நடக்கும் இடம்; போப்பாண்டவரைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்கள் கூடும் இடம். பணத்திற்காகப் பிறந்த விதி, அமைதிக்காக உயிர்வாழ்கிறது எனலாம். விதியின் பிறப்பு எப்படியிருந்தாலும், அந்த மண்டபத்தில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஓவியத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறார்கள். பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தின் மோனா லீசா முன்னால் அப்படிச் சொல்ல முடியாது. 77 சென்டிமீட்டர் உயரமே உள்ள அந்த ஓவியத்திற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவர்கள் அங்கே ஏராளம்.

இதற்கு நேர்மாறாக, லண்டன் தேசிய ஓவியக்கூடம் 2014இல் தன் நீண்ட காலத் தடையை நீக்கியது. இலவச இணைய வசதி கொடுத்து, ஓவியங்களைப் பற்றிக் கைத்தொலைபேசியில் படிக்கச் சொன்ன பிறகு, யார் படிக்கிறார், யார் படம் எடுக்கிறார் என்று ஊழியர்களால் பிரித்தறிய முடியவில்லை. கருவி வென்றது.

ஓடிப்போன சிறுவனும் ஒரு குச்சியும்

லூவரில் நடந்த இன்னொரு சம்பவம் சொல்லப்பட வேண்டியது. ஹிரோஷி உவேடா என்பவர் ஜப்பானின் மினோல்டா நிறுவனப் பொறியாளர். அவர் மனைவியோடு ஐரோப்பா சென்றிருந்தபோது, லூவரில் ஒரு சிறுவனிடம் கருவியைக் கொடுத்து, தங்கள் இருவரையும் ஒரு படம் எடுக்கச் சொன்னார். சிறுவன் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான்! பிறரைக் கேட்காமலே தம்மைத் தாமே எடுத்துக்கொள்ள ஒரு வழி வேண்டும் என்று யோசித்த உவேடா, நீட்டி மடக்கும் குச்சி ஒன்றை வடிவமைத்தார். 1980களின் தொடக்கத்தில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். யாரும் வாங்கவில்லை. 1995இல் வெளிவந்த, பயனற்ற ஜப்பானியக் கண்டுபிடிப்புகள் பற்றிய வேடிக்கை நூலில் அத்தகைய குச்சிக்கு ஓர் இடம் கிடைத்தது, அவ்வளவுதான். இருபது ஆண்டுகள் கழித்து அதே வகைக் குச்சி உலகையே பிடித்துக்கொண்டது. உவேடாவின் காப்புரிமையோ அதற்குள் காலாவதியாகிவிட்டது.

‘ஐயா, எங்களை ஒரு படம் எடுத்துத் தருகிறீர்களா?’ என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்பது சுற்றுலாவின் ஒரு சின்னச் சடங்காக இருந்தது. கேட்டவரும் எடுத்தவரும் எந்த ஊர், எந்த நாடு என்று விசாரித்துக்கொள்வார்கள். மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வார்கள். பின்னால் ஒருவர் காத்திருக்கிறார் என்பதும் அப்போது தானாகவே தெரிந்துவிடும், ஏனென்றால் உதவி கேட்க முதலில் திரும்பிப் பார்க்க வேண்டுமே. குச்சியும், பிறகு கைத்தொலைபேசியின் முன்பக்கக் கேமராவும் அந்தத் திரும்பிப் பார்த்தலை நிறுத்தின. இந்த நீண்ட வரலாற்றில் அதுதான் பெரிய இழப்பு.

கேமரா பொருத்திய கைத்தொலைபேசிகள் 2000ஆம் ஆண்டு வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. பிறருக்குத் தெரியாமல் படம் எடுக்கும் கேடு அங்கேதான் முதலில் தலைதூக்கியது. ஆகவே, படம் எடுக்கும்போது கட்டாயம் ‘கிளிக்’ சத்தம் வர வேண்டும் என்று ஜப்பானிய நிறுவனங்கள் தாமாகவே ஏற்பாடு செய்துகொண்டன. தென்கொரியாவிலும் 2004இல் இதற்கான தொழில்துறை விதி வந்தது. வாய் கேட்காததால் கருவியைச் சத்தமிட வைத்தார்கள்.

2013இல் ஆக்ஸ்ஃபர்ட் அகராதி ‘செல்ஃபி’யை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. நம் ஊடகங்களும் ‘தம்படம்’ என்று அழகாகப் பெயரிட்டன. 2015இல் டிஸ்னி கேளிக்கைப் பூங்காக்கள் தம்படக் குச்சிகளைத் தடை செய்தன. ஓடும் விளையாட்டு வண்டிகளில் குச்சியை நீட்டினால் உயிருக்கே ஆபத்து. 2021இல் கூகல் நிறுவனம் தன் கைத்தொலைபேசியில், படத்தில் பின்னால் நிற்பவர்களை விரலால் தேய்த்தே அழித்துவிடும் வசதியைக் கொண்டுவந்தது. டாகேரின் வெறிச்சோடிய சாலை மறுபடியும் வந்துவிட்டது. ஆனால், படத்திலிருந்து அழிந்தவர் படியிலிருந்து அழிவதில்லை. அவர் இன்னும் பின்னால்தான் நிற்கிறார்.

ஊர்க்காரர்களின் பொறுமை

வருகிறவர்களுக்கு அது ஒரு நாள் பயணம். அங்கேயே வாழ்கிறவர்களுக்கு? ஜப்பானின் கியோத்தோ நகரில் கியோன் என்ற பழைய வட்டாரம் இருக்கிறது. கெய்க்கோ எனப்படும் கலைஞர்களும், மாய்க்கோ எனப்படும் பயிற்சிக் கலைஞர்களும் மாலையில் தங்கள் நிகழ்ச்சிகளுக்காக அந்தச் சந்துகளில் நடந்து செல்வார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் அவர்கள். அவர்களைத் துரத்தி, வழிமறித்து, கிமோனோவைப் பிடித்திழுத்துக்கூடப் பயணிகள் படம் எடுத்தார்கள். 2019இல் அங்குள்ள குடியிருப்பாளர் மன்றம், தனியார் சந்துகளில் படம் எடுத்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்தது. அடங்கவில்லை. 2024இல் அந்தத் தனியார் சந்துகளுக்குள் பயணிகள் நுழையவே தடை வந்தது. பலகைகளை மதிக்காததால் சந்தையே இழந்தார்கள். ஒழுங்காக நடந்துகொண்ட பயணிகளுக்கும் சேர்த்தே கதவு அடைபட்டது என்பதுதான் இதில் வருத்தம்.

அதே ஆண்டில் ஃபுஜி மலையடிவாரத்து ஊரான ஃபுஜிகவாகுச்சிகோவில் நடந்தது இன்னும் விநோதம். லாசன் என்ற சாதாரண மளிகைக் கடையின் கூரைக்கு மேல் பனி மூடிய மலை உட்கார்ந்திருப்பது போன்ற படம் சமூக ஊடகங்களில் பரவியது. உடனே கூட்டம் கூடியது. போக்குவரத்து ஓடும் சாலையைக் கண்டபடி கடந்தார்கள். குப்பை போட்டார்கள். அருகிலிருந்த பல் மருத்துவ நிலையத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் புகுந்தார்கள். கெஞ்சியும் எச்சரித்தும் பயனில்லாமல், 2024 மே 21ஆம் தேதி நகராட்சி, 20 மீட்டர் நீளத்திற்கு, இரண்டரை மீட்டர் உயரத்திற்குக் கறுப்பு வலைத்திரையைக் கட்டி மலையையே மறைத்தது. சில நாள்களில் அந்தத் திரையில் கேமரா நுழையும் அளவுக்குத் துளைகள் தென்பட்டன! ஆகஸ்டு மாதம் புயல் வரும் என்று திரையைக் கழற்றினார்கள். கூட்டம் குறைந்திருந்ததால் திரும்பக் கட்டவில்லை. தன் ஊரின் மலையை, தானே திரை போட்டு மறைக்கும் நிலைக்கு ஓர் ஊரைக் கொண்டுபோய் விட்டது ஒரு படம்.

வெளிநாட்டுக் கதைகளோடு நிறுத்திக்கொள்ள முடியாது. 2015 மே இறுதியில் கினபாலு மலையுச்சியில் வெளிநாட்டுப் பயணிகள் சிலர் ஆடை களைந்து படம் எடுத்துக்கொண்டார்கள். கடாசான்டூசுன் மக்களுக்கு அது முன்னோர்களின் ஆவிகள் உறையும் புனித மலை. ஜூன் 5ஆம் தேதி ஏற்பட்ட நிலநடுக்கத்தில் சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகள் உட்பட 18 பேர் மாண்டார்கள். படம் எடுத்ததால் மலை குலுங்கியது என்று அறிவியல் சொல்லாது. ஆனால் துக்கத்தில் இருந்த மக்களின் மனம் எப்படிப் புண்பட்டிருக்கும் என்பதைப் புரிந்துகொள்ள அறிவியல் தேவையில்லை. நால்வருக்கு மூன்று நாள் சிறையும் தலா 5,000 வெள்ளி அபராதமும் கிடைத்தன. 2018இல் கோத்தா கினபாலு நகரப் பள்ளிவாசலின் மதில் மீது ஏறி இரு பெண் பயணிகள் ஆடிய காணொளி பரவியபோது, பள்ளிவாசல் நிர்வாகம் சிறிது காலம் சுற்றுப்பயணிகளையே நிறுத்திவைத்தது.

தமிழ்நாட்டுக் கோயில்களுக்குச் செல்லும் நம் மக்களுக்கும் மாற்றம் தெரிந்திருக்கும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 2018 முதல் கைத்தொலைபேசிக்குத் தடை. திருச்செந்தூர்க் கோயில் தொடர்பான வழக்கில், 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மாநிலத்தின் எல்லாக் கோயில்களிலும் கைத்தொலைபேசியைத் தடை செய்யும்படி உத்தரவிட்டது. சன்னிதியில் கைகூப்ப வேண்டிய கைகள் வேறு வேலையில் இருந்ததால் வந்த உத்தரவு. வெளியில் ஒப்படைத்துவிட்டு உள்ளே போகிறவர்கள் முதலில் முணுமுணுப்பார்கள். பிறகு பிராகாரத்தில் ஒரு சுற்று வந்ததும், அதை மறந்து தூண்களைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

மறுபடியும் பத்துமலைக்கு வருவோம். இங்கே தைப்பூசம் 1892 முதல் கொண்டாடப்பட்டு வருவதாகக் கூறப்படுகிறது. இன்றுள்ள கான்கிரீட் படிகள் 1940இல் கட்டப்பட்டவை. 2006 ஜனவரியில் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை எழுந்தது. 2018 ஆகஸ்டில் படிகளுக்கு வண்ணம் பூசப்பட்டது. மரபுடைமைத் துறையின் அனுமதி பெறாமல் பூசினார்கள் என்று அப்போது ஒரு சர்ச்சையும் எழுந்தது. வண்ணப் படிகளின் படங்கள் உலகெங்கும் பரவின. வரும் கூட்டமும் பெருகியது. வருகிறவர்களால் ஆலயத்திற்குப் பெருமை, சுற்றுவட்டாரக் கடைகளுக்கு வருமானம். அதை யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

ஆனால் தைப்பூசத்தன்று படிகளில் ஏறுகிறவர் பயணி அல்லர். நாற்பத்தெட்டு நாள் விரதமிருந்து, கன்னத்தில் அலகு குத்தி, தோளில் காவடியோடு வரும் ஒருவர், ‘என்னைப் படம் எடுக்கலாம்’ என்றோ ‘எடுக்காதீர்கள்’ என்றோ சொல்லும் நிலையில் இல்லை. அருள் வந்து ஆடுபவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கேமராவை நீட்டுபவருக்கு, சம்மதம் கேட்க ஆளே இல்லை. கேட்கத் தோன்றினால், அருகில் வரும் அவருடைய அக்காளையோ தம்பியையோ கேட்கலாம். பெரும்பாலோர் மறுக்க மாட்டார்கள். சற்றுத் தள்ளி நின்று எடுக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

காவடி எடுப்பவர்களைச் சுற்றி உறவினர்கள் வட்டமாக வருவது பழைய வழக்கம். ஒருவர் தண்ணீர் வைத்திருப்பார், ஒருவர் ‘வேல் வேல்’ என்று குரல் கொடுப்பார், ஒருவர் நடுவழியில் காவடிக்காரர் சற்று உட்கார்ந்து இளைப்பாறச் சிறு முக்காலியைத் தூக்கி வருவார். இப்போது அந்த வட்டத்தில் இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. யாராவது ஒருவர் முன்னால் நடந்து, இரு கைகளையும் விரித்து, “கொஞ்சம் நகருங்க, கொஞ்சம் வழி விடுங்க” என்று, கேமராக்களை விலக்கிக்கொண்டே படியேறுகிறார்.